மாமனைக் கூப்பிடும் சரணம்

டென்மார்க்கில், ஸ்கீவவில் ஒரு தமிழ் வீட்டில் கொண்டாட்டம் என்றால் அன்று காலை தொலைபேசி அடிக்கும். எடுத்தால் ஸ்ரனிஸ்லாஸ் அங்கிளின் குரல், சுகம்கூட விசாரிக்காமல், "எல்லாரும் இருக்கினமோ?" என்று கேட்கும். வீட்டில் எல்லாரும் நிற்கிறார்களா என்று அவர் கேட்பதில்லை. அன்று தான் பாடப்போகும் பாட்டில் பெயர் வருகிறவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களா என்றுதான் கேட்கிறார். "ஓம் அண்ணை, இருக்கினம்" என்று பதில் வந்தால், "சரி" என்று வைத்துவிடுவார்.

எஸ்பியர்க் நகரில் ஒரு கலியாணத்துக்குப் பிறகு வந்த பழக்கம் அது. அங்கே மாப்பிள்ளையின் பெரியப்பாவை வைத்து, சுருட்டுக்கும் பல்லுக்கும் நடக்கும் சண்டை என்று ஒரு சரணம் முழுக்கப் பகிடி பண்ணிப் பாடினார். ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியப்பா மூன்று கிழமைக்கு முன்பு ஊரில் காலமாகிவிட்டார். அதை இவருக்குச் சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. திரும்பி வரும் வழி முழுதும் அவர் வாய் திறக்கவில்லை என்று அவருடைய மனைவி செல்வமலர் அன்ரி சொல்லுவார். "அண்டைக்குத்தான் நான் காருக்குள்ள நிம்மதியா நித்திரை கொண்டனான்" என்பதையும் சேர்த்துச் சொல்லுவார்.

ஸ்ரனிஸ்லாஸ் குருநகரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் கடலுக்குப் போனதில்லை. வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுப்பார். கரையில் நின்று வலை இழுப்பவர்களுக்குப் பாட்டுக் கட்டினார், தேவாலயத் திருநாள் மேடைகளில் பைலா என்ற துள்ளல் பாட்டுப் பாடினார். எண்பத்தாறில் அகதியாக டென்மார்க்குக்கு வந்தபோது அவரை ஸ்கீவவுக்கு அனுப்பினார்கள். வேலை ஒரு மட்டித் தொழிற்சாலையில் கிடைத்தது. "கடலுக்குப் பயந்து ஓடினவன். கடைசியிலை கடல் என்ர மேசைக்கே வந்திட்டுது" என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்.

மட்டிகள் பட்டியில் வரிசையாக வரும். உடைந்ததையும் வாய் திறந்ததையும் பொறுக்கி எறிய வேண்டும். கைக்கு வேலை, தலைக்கு வேலை இல்லை. பட்டி ஓடும் சத்தத்தில் ஒரு தாளம் இருந்தது என்றும், தன்னுடைய பாட்டுகள் எல்லாம் அந்தத் தாளத்தில் பிறந்தவை என்றும் அவர் சொன்னதுண்டு. அவருடைய முதல் ஒலிநாடா தொண்ணூற்றொன்றில் ஓல்போர்க்கில் ஒரு நண்பரின் வரவேற்பறையில் பதிவானது. இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு குழந்தை அழும். அதை எப்படி நீக்குவதென்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் அந்தப் பாட்டைப் பாடும்போது சிலர் அந்த இடத்தில் குழந்தை போல் அழுது காட்டுவார்கள்.

சினிமாப் பாட்டுப் பாட டென்மார்க்கில் அப்போதே நிறையப் பேர் இருந்தார்கள். எழுச்சிப் பாட்டுப் பாடவும் ஆட்கள் இருந்தார்கள். இவர் ஊர்களைப் பாடினார். ஒரு வீட்டில் பெண்பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்திய வீடோ, கலியாணமோ வந்தால், ஒரு மாதம் முன்பே வந்து தேநீர் குடித்துக்கொண்டு கேட்பார்: உங்கட ஒழுங்கைக்குள்ள திரும்பினா முதல் என்ன தெரியும்? அங்கை ஆர் ஆரோட கதைக்கிறேல்லை? பிள்ளையை வீட்டிலை என்னெண்டு கூப்பிடுறியள்? அந்த ஒரு மாதமும் மட்டிப் பட்டியில் நின்று பாட்டைக் கட்டுவார். நாலு சரணம். முதலாவது ஊர், இரண்டாவது பிள்ளை, மூன்றாவது தாய்மாமன், நாலாவது இந்த நாடு. நாலாவதில் டேனிஷ் குளிரையும் சைக்கிளையும் கறுத்த பாணையும் நக்கல் அடிப்பார்.

மூன்றாவது சரணத்தில் தொடக்கத்தில் மாமனைப் பற்றிப் பாடுவது மட்டும்தான் இருந்தது. அது ஜொவாவ் வந்த பிறகு மாறியது.

ஜொவாவ் பிரேசில்காரர். வடகிழக்கில், மழை பெய்யாத உள்நாட்டில், ஒரு சிறு பட்டினத்தில் பிறந்தவர். அங்கே சொந்தமாகப் பாட்டுக் கட்டி, அக்கோடியன் வாசித்துப் பாடியவர். உள்ளூர் வானொலியில் அவருக்கென்று கிழமைக்கு ஒரு நிகழ்ச்சி இருந்ததாம். அவருடைய பட்டினத்திலிருந்து ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் போனால் அவரை யாருக்கும் தெரியாதாம். பிறகு கப்பலில் சமையற்காரராகி, எஸ்பியர்க்கில் இறங்கி, ஒரு டேனிஷ் பெண்ணைக் கட்டி, மட்டிப் பட்டியில் ஸ்ரனிஸ்லாஸ் அங்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் பிழையான டேனிஷில் கதைத்தார்கள். அவரவர் பிழை வேறு வேறு என்பதால், ஒருவரை ஒருவர் திருத்தவும் செய்தார்கள்.

ஒரு நாள் அங்கிள் பைலா ஒன்றை முணுமுணுக்க, ஜொவாவ் கையிலிருந்த மட்டியை வைத்துவிட்டு, "இதுக்குள்ள எங்கட ஆக்கள் இருக்கினம்" என்றாராம். இரண்டு ஊருக்கும் ஒரு காலத்தில் ஒரே போர்த்துக்கேயன் போயிருக்கிறான் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். "அவன் உங்களிட்டைப் பொன்னை எடுத்தான், எங்களிட்டைக் கறுவாவை எடுத்தான். எங்களுக்கு மிஞ்சினது இந்தத் தாளம்" என்று அங்கிள் சொல்ல, ஜொவாவ் அதை நாள் முழுதும் சொல்லிச் சிரித்தாராம். ஜொவாவின் பட்டினத்தில் பாட்டுக்காரர் கூட்டத்தில் இருப்பவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாராம். கூப்பிடப்பட்டவர் எழுந்து பதில் சொல்லாமல் பாட்டு நகராதாம். அங்கிள் அதைத் தாய்மாமனுக்கு வைத்தார்; சாமத்திய வீட்டில் பிள்ளைக்குத் தண்ணி வார்க்க வேண்டியவர் அவர்தானே.

அதிலிருந்து மூன்றாவது சரணத்தில் மாமனை மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மாமன் இரண்டாவது மைக்கில் "வாறன்" என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லும் வரை ஜொவாவ் பக்கத்தில் வேட்டியோடு நின்று அக்கோடியனில் அதே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசிப்பார். "ஏன் சுணக்கம்? மனுசி விடேல்லையோ?" என்று மண்டபம் கத்தும். மாமன் ஊரில் இருந்தால் தொலைபேசி எடுத்து மைக்கில் வைப்பார்கள். இரைச்சலோடு ஒரு "வாறன்" கேட்கும். மண்டபம் முழுதும் கைதட்டும். இந்தக் கூப்பிடுகைக்காகவே நோர்வேயிலிருந்தும் பிரான்சிலிருந்தும் அவரை அழைத்தார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் எனக்குச் சாமத்திய வீடு செய்தபோது அம்மாவின் ஒரே தம்பி, தவராசா மாமா, கிளிநொச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். சமாதான காலம் என்பதால் இணைப்பு உடனே கிடைத்தது. அங்கிள் பாடினார்:

*தவராசா, தவராசா, தண்ணி வச்சுப் பாத்திருக்கு,*
*எங்கை ராசா நிக்கிறாய், ஏன் இன்னும் காணேல்லை?*

மூன்றாம் தரம் கூப்பிட்டதும் மைக்கில் மாமாவின் குரல் வந்தது. "வாறன், வாறன். தண்ணியை ஆற விடாதையுங்கோ." கொஞ்சம் விட்டு, "சைக்கிளிலைதான் வாறன், கொஞ்சம் சுணங்கும்" என்றார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். செல்வமலர் அன்ரி எப்போதும் போல ஒலிக்கலவைப் பெட்டிக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் பதிவு செய்தார்.

என் தங்கை இளவேனிலின் சாமத்திய வீட்டுக்கு நாள் குறித்தது இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் இருபத்து மூன்று, சனிக்கிழமை. யேசு விண்ணேறிய திருநாளோடு நீண்ட விடுமுறை என்பதால் ஒரு வருடத்துக்கு முன்பே மண்டபம் எடுத்திருந்தோம். அந்த வருடம் தை மாதத்தில் மாமா, போரில் இடம்பெயர்ந்து போன புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தரம் கதைத்தார். பிறகு கதைக்கவில்லை.

மே நடுப்பகுதியில் வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்துவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போர் முடிந்துவிட்டது என்றார்கள். திங்கட்கிழமை இல்லை என்றார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு சேனல் ஒரு உடலைக் காட்டியது, அது பொய் என்று இன்னொரு சேனல் சொன்னது. அப்பா இரண்டு தொலைபேசிகளில் மாறி மாறிக் கதைத்தார். ஒன்றில் கேட்டதை மற்றதில் சொன்னார். அங்கே அதை மறுத்தார்கள். அந்த மறுப்பைத் திரும்ப முதலாவதில் சொன்னார். டேனிஷ் செய்தியில் எங்களைப் பற்றி மிகக் கொஞ்சமாகத்தான் சொன்னார்கள். அந்தக் கொஞ்சத்தை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னால், "நீ விளங்கினது சரியோ?" என்பார். சரி என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

இளவேனில் டேனிஷில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிந்தாள்: சனிக்கிழமை விழா இருக்கிறதா, இல்லையா? நோர்வேயிலிருந்து அம்மாவின் சித்தப்பா மகன் கனகசபை குடும்பத்தோடு ஏற்கெனவே வந்து எங்கள் வரவேற்பறையில் படுத்திருந்தார்.

வியாழக்கிழமை ஸ்ரனிஸ்லாஸ் அங்கிளும் செல்வமலர் அன்ரியும் வந்தார்கள். குசினி மேசையைச் சுற்றி இருந்தார்கள். அப்பா நின்றுகொண்டே கதைத்தார்.

"ஸ்ரனிஸ், சடங்கை மட்டும் செய்வம். பிள்ளைக்குத் தண்ணி வார்த்து, சாப்பாட்டைக் குடுத்து அனுப்புவம். பாட்டு வேண்டாம். செத்த வீட்டிலை கூத்தாடினவை எண்டு சனம் சொல்லும்."

"ஆற்றை செத்த வீடு?" என்று அம்மா கேட்டார்.

"ஞானம், நான் பொதுவாச் சொன்னனான்."

"பொதுவாச் சொல்லாதேங்கோ. ஆற்றை வீடு எண்டு சொல்லுங்கோ."

அம்மா அங்கிளின் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, மற்றச் சரணம் எல்லாத்தையும் விடுங்கோ. ஆட்டம் வேண்டாம், பகிடி வேண்டாம். மூண்டாவதை மட்டும் பாடுங்கோ. மூத்தவளுக்குத் தம்பியைக் கூப்பிட்டது. இவளுக்குக் கூப்பிடாட்டி, அவன் இல்லை எண்டு நாங்களே மண்டபத்திலை சொன்ன மாதிரி."

"கூப்பிட்டா ஆர் தங்கச்சி பதில் சொல்லுறது?"

கனகசபை மாமா வாசலில் நின்று, "நான் சொல்லுறன். தண்ணி நான்தானே வார்க்கப் போறன்" என்றார்.

"நீ தண்ணியை வார்" என்றார் அம்மா. "தவராசான்ர பேருக்கு நீ பதில் சொல்லக் கூடாது."

அங்கிள் தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். இருபது வருடத்துக்கு மேலாகப் பாடுகிறவர். கொண்டாட்டப் பாட்டில் இறந்தவரின் பெயரை எடுக்கக் கூடாது என்பது எஸ்பியர்க்குக்குப் பிறகு அவருடைய சட்டம். உயிரோடு இருக்கிறவரை விடுவது அதைவிடப் பெரிய பிழை என்றும் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டில் எது இது என்று தெரியவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று எழுந்தார்.

"இந்த மனுசன் யோசிச்சாத்தான் எனக்குப் பயம்" என்றார் செல்வமலர் அன்ரி.

சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. அம்மா தங்கைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார், அப்பா மண்டபத்துக்குப் போய்விட்டார். நான்தான் எடுத்தேன்.

"எல்லாரும் இருக்கினமோ?"

பழக்கத்தில் கேட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். கேட்ட பிறகு அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

"தெரியேல்லை, அங்கிள்" என்றேன்.

"தெரியேல்லை எண்டு எனக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லைப் பிள்ளை" என்றார். பிறகு, "சரி, நான் யோசிச்சதையே செய்யிறன். அம்மாவுக்கு இப்ப சொல்லாதை" என்று வைத்தார். என்ன செய்யப் போகிறார் என்று அவர் சொல்லவில்லை.

மண்டப வாசலில் சந்தனமும் குங்குமமும் கற்கண்டும் வைத்த தட்டு இருந்தது. வந்தவர்கள் அதன் முன்னால் நின்று யோசித்தார்கள். சிலர் பட்டுச் சேலை, சிலர் கறுப்பு உடுப்பு. பட்டு உடுத்தவர்கள் கறுப்பைக் கண்டு தலைகுனிந்தார்கள். கறுப்பு உடுத்தவர்கள் பட்டைக் கண்டு, தாங்கள் பிழையாக வந்துவிட்டோமோ என்று பார்த்தார்கள். ஒரு பெண் சந்தனத்தைத் தொட்டுவிட்டு, நெற்றியில் வைக்காமல் கைக்குட்டையில் துடைத்தார். முந்நூறு பேருக்குப் போட்ட கதிரைகளில் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தன. யாருமே சத்தமாகக் கதைக்கவில்லை. பிள்ளைகள் மட்டும் கதிரைகளுக்கு நடுவில் டேனிஷில் கத்தி ஓடினார்கள்.

கனகசபை மாமா பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துத் தண்ணி வார்த்தார். இளவேனிலைச் சேலை உடுத்தி மேடைக்குக் கொண்டு வந்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் அங்கிள் மைக்குக்கு வந்தார். பக்கத்தில் ஜொவாவ், அன்றைக்கு வேட்டி இல்லை, கறுப்புக் காற்சட்டை. அவருக்கு எவ்வளவு சொல்லியிருந்தார்கள் என்று தெரியவில்லை. பிள்ளைகள் அக்கோடியனைக் கண்டதும் மேடையின் கீழே வந்து இருந்து, வழக்கம் போலத் தாளத்துக்குக் கைதட்டத் தொடங்கினார்கள். யாரோ ஒரு தாய் "ஸ்ஸ்" என்றார். இன்னொருவர் "விடுங்கோ, பாவம்" என்றார். கைதட்டல் பாதியாகக் குறைந்து தொடர்ந்தது.

முதல் இரண்டு சரணமும் இல்லை. நேராக மூன்றாவது.

*தவராசா, தவராசா, தண்ணி வச்சுப் பாத்திருக்கு...*

ஒரு தரம். இரண்டாம் தரம் அவருடைய குரல் இறங்கியது. மூன்றாம் தரம் கூப்பிட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். செல்வமலர் அன்ரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஜொவாவ் மெட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். அங்கிள் மறுபடி பார்த்தார். அன்ரி பெட்டியில் ஒன்றை அமத்தினார்.

"வாறன், வாறன். தண்ணியை ஆற விடாதையுங்கோ."

இரைச்சலோடு, ஊர்த் தொலைபேசிக்கு உரிய அதே தூரத்தோடு, தவராசா மாமாவின் குரல் மண்டபம் முழுதும் கேட்டது.

பிறகு தெரிந்தது இதுதான். அங்கிள் வெள்ளிக்கிழமை முழுதும் பழைய பதிவுகளைத் தேடி என்னுடைய சாமத்திய வீட்டுப் பதிவை எடுத்திருக்கிறார். மாமா இருக்கிறார் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், அவருடைய பதிலை அவரே சொல்லட்டும் என்று நினைத்திருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன்பு கேட்ட குரல், எல்லாருக்கும் தெரியும் என்று நம்பியிருக்கிறார். "சைக்கிளிலைதான் வாறன்" என்ற பகிடி இந்த நாளில் வேண்டாம், சனம் சிரித்துவிடும் என்று அந்த இடத்துக்கு முன்னால் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். "உது பிழை, மனுசா" என்று அன்ரி சொல்லியிருக்கிறார். ஏன் பிழை என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பழையவர்களுக்கு அந்தப் பகிடிதான் ஞாபகம் இருந்தது. அதை வெட்டியதும், அடையாளம் காண ஒன்றும் இல்லை. பாரிசிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் வந்தவர்கள் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது ஸ்ரனிஸ்லாஸின் வழக்கம் மட்டுமே: மூன்று தரம் கூப்பிட்டால் ஊரிலிருந்து மாமன் தொலைபேசியில் பதில் சொல்லுவார்.

"உயிரோட இருக்கிறார்" என்று பின் வரிசையில் ஒருவர் சொன்னது கேட்டது. கதிரைகள் இழுபட்டன. எஸ்பியர்க்கிலிருந்து வந்த தேவமலர் அன்ரி, கிளிநொச்சியில் மாமாவின் கடைக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர், கறுப்புச் சேலையைக் கையில் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடி வந்து இரண்டாவது மைக்கைப் பிடித்தார்.

"தவராசா, வைக்காதை. நான் தேவமலர் கதைக்கிறன். எங்கட தம்பி நிக்கலஸைக் கண்டனியோ? உங்களோடதானே வந்தவன். தவராசா?"

பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஜொவாவுக்குத் தமிழ் தெரியாது. மைக்கில் ஒருவர் வந்து கதைத்தால் அது பாட்டின் பகுதி என்றுதான் அவருக்குப் பழக்கம். அவர் மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். இன்னும் இரண்டு மூன்று பேர் மேடைக்கு ஏறினார்கள், ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அங்கிள் கையை உயர்த்தி ஏதோ சொல்ல முயன்றார். அவருடைய மைக்கைச் செல்வமலர் அன்ரி அவசரத்தில் நிறுத்திவிட்டார், மற்ற மைக் என்று நினைத்து. அவருடைய வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

அம்மா தங்கையின் பக்கத்தில் நின்றார். குரல் வந்ததும் அவர், "கெதியா வா" என்று மெல்லச் சொன்னதை நான் கேட்டேன். அதை நம்பிச் சொன்னாரா, பழைய குரல் என்று தெரிந்தே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு தரம் கேட்டேன். "என்ர தம்பியின்ர குரல் எனக்குத் தெரியாதே?" என்றார். எந்தக் கேள்விக்கு அது பதில் என்று விளங்கவில்லை.

கடைசியில் அங்கிள் தேவமலர் அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய மைக்கிலேயே சொன்னார்: "தங்கச்சி, இது பழசு. மூத்த பிள்ளையின்ர சாமத்திய வீட்டிலை கதைச்சது."

"அப்ப இப்ப அவர் எங்கை?"

"தெரியேல்லை."

"பிறகு என்னத்துக்கு வாறன் எண்டு சொல்ல வைச்சனியள்?"

ஜொவாவ் அப்போதுதான் நிறுத்தினார்.

ஆனால் அதற்குள் சிலர் வெளியே போய் செய்தியைத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். சாப்பாடு பரிமாறும் நேரத்தில் லண்டனிலிருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்தது: தவராசா கதைத்தவராமே, எந்த முகாமில் நிற்கிறார், எங்கட ஆட்களைக் கண்டவரோ? பிறகு பாரிஸ், பிறகு ரொறன்ரோ. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பெயர்களைச் சொன்னார்கள். இது பழைய பதிவு என்று சொன்னால், "மறைக்காதேங்கோ அண்ணை, எங்களுக்கு விளங்கும்" என்றார்கள்.

அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் ஸ்ரனிஸ்லாஸ் அங்கிள் வேலைக்குப் போகாமல் ஒவ்வொருவருக்கும் தானே அழைத்தார். செல்வமலர் அன்ரி பக்கத்தில் இருந்து எண்களை அமத்திக் கொடுத்தாராம். "கதைச்சது அவர்தான். ஆனா இப்ப கதைக்கேல்லை. இல்லை எண்டு நான் சொல்லேல்லை. இருக்கிறார் எண்டும் நான் சொல்லேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லி, மூன்றாம் நாள் அவருக்கே தான் என்ன சொல்லுகிறேன் என்று குழம்பிவிட்டதாம்.

அதோடு பாடுவதை நிறுத்தினார். ஒலிக்கலவைப் பெட்டியைத் தேவாலயத்துக்குக் கொடுத்தார். ஒத்துக்கொண்டிருந்த இரண்டு கலியாணங்களையும் விட்டார். ஜொவாவ் முதியோர் இல்லங்களில் டேனிஷ் பாட்டுகளுக்கு வாசிக்கப் போனார். மட்டிப் பட்டியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்தான் நின்றார்கள். ஏன் பாடவில்லை என்று ஜொவாவ் கேட்டதே இல்லையாம். "அவனுக்கும் வானொலியிலை ஏதோ நடந்திருக்கு. அதை நானும் கேக்கேல்லை" என்றார் அங்கிள்.

ஆவணியில் தேவமலர் அன்ரியின் தம்பி நிக்கலஸ் ஒரு முகாமிலிருந்து அழைத்தார். தேவமலர் அன்ரி உடனே அங்கிளுக்கு எடுத்து, "நீங்கள் கூப்பிட்ட ராசிதான் அண்ணை" என்றாராம். அங்கிள் கோபத்தில் தொலைபேசியை வைத்துவிட்டார். அதன் பிறகு வேறு குடும்பங்களும் அவரைத் தேடி வந்தன. கலியாணம் ஒன்றும் இல்லை, சும்மா எங்கட ஆளின் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிடுங்கோ என்றார்கள். அவர் கதவிலேயே நின்று, "நான் கொண்டாட்டப் பாட்டுக்காரன்" என்று அனுப்பினார்.

ஐப்பசியில் தவராசா மாமாவின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் முகாமில் இருப்பது தெரிந்தது. போரின் கடைசி நாட்களில் எல்லாரும் கடல்நீரேரியின் தண்ணிக்குள்ளால் நடந்து வந்தபோது, கரையில் விட்ட சைக்கிளை எடுத்துக்கொண்டு வாறன் என்று மாமா திரும்பினாராம். அவர்கள் காத்திருந்தார்கள். பிறகு சனம் தள்ளியது. கண்டதாகச் சொல்லுகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரும் இரண்டு இடத்தைச் சொல்லுகிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

பத்து வருடம் கழித்து இளவேனிலுக்குக் கலியாணம். மாப்பிள்ளை ரானர்ஸ் பக்கத்து டேனிஷ் பையன். அம்மா ஸ்ரனிஸ்லாஸ் அங்கிளின் வீட்டுக்குப் போய்க் கேட்டார். அவர் முடியாது என்றார். அம்மா திரும்பவும் போனார். "என்ர குரல் போட்டுது" என்றார். "குரலுக்கு நான் வரேல்லை" என்றார் அம்மா. கடைசியில், கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்பு அவர் வந்து தேநீர் குடித்தார். ஊரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் ஊரைப் பற்றித்தான் கேட்டார்.

கலியாணத்தன்று காலை தொலைபேசி அடித்தது. இந்த முறை அம்மா எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். இப்போது கைத்தொலைபேசி, குரல் வெளியே கேட்டது.

"தங்கச்சி, பூமாலை வந்திட்டுதோ?"

"ஓம்."

"மண்டபத்திலை மைக் இரண்டு இருக்குதோ?"

"இருக்கு அண்ணை."

"அப்ப சரி, வைக்கிறன்."

"நீங்கள் கேக்கேல்லை" என்றார் அம்மா.

"நான் அதை விட்டிட்டன் தங்கச்சி."

"கேளுங்கோ."

"எல்லாரும் இருக்கினமோ?" என்றார்.

"தெரியேல்லை" என்றார் அம்மா.

"சரி" என்றார் அவர். "அப்ப மூண்டாவது இருக்கு. கூப்பிடுவன். பதில் ஒண்டும் வைக்கமாட்டன்."

"வைக்கத் தேவையில்லை."

அன்று மாலை அவர் முதல் இரண்டு சரணத்தையும் பாடினார். குரல் உண்மையிலேயே போயிருந்தது. மூன்றாவதில் தவராசா மாமாவை மூன்று தரம் கூப்பிட்டார். இரண்டாவது மைக் அதன் கம்பத்தில் ஆளில்லாமல் நின்றது. ஜொவாவ் ஒரே ஒரு சுற்று வாசித்தார், வழக்கத்தைவிட மெதுவாக. மாப்பிள்ளை வீட்டு டேனிஷ்காரர்கள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் எங்களைப் பார்த்தார்கள். அம்மா மைக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சுற்று முடிந்ததும் ஸ்ரனிஸ்லாஸ் அங்கிள் நாலாவது சரணத்தைத் தொடங்கினார். அது ரானர்ஸைப் பற்றியது. மாப்பிள்ளையின் தகப்பன் கறியைத் தின்றுவிட்டு முகம் சிவந்து, "காரம் இல்லை, காரம் இல்லை" என்று சொன்ன கதை அதில் வந்தது. யாரோ அதைத் தகப்பனுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, தான்தான் அது என்று அவர் எழுந்து நின்று கையை உயர்த்தினார். அம்மா சிரித்துவிட்டார்.